பட்டியலில் ‘சீலா’ உடைந்தது எப்படி: மீன் பெயர்களைச் சுத்தம் செய்த ஒரு பைப்லைனின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலோர ஊர்களில் புழங்கும் மீன் பெயர்களையும் வலை, படகு சார்ந்த சொற்களையும் திரட்டி ஒரு சிறு அச்சுப் பட்டியலாகக் கொண்டுவர வேண்டும் என்பது நோக்கம். முன்னின்று செய்தவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை. கணினி வேலை முழுக்க அவரிடம் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் ஒரு மாணவருடையது. சர்வரில் இடம் ஏற்பாடு செய்து கொடுத்ததும், சேதம் நடந்த பிறகு கூட உட்கார்ந்து பார்த்ததும் என் பங்கு.

ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவதுதான் இந்த வேலைக்கே காரணம். சென்னையில் வஞ்சிரம் என்று வாங்குவது தெற்கே சீலா. ஓர் ஊரில் சாளை, இன்னோர் ஊரில் மத்தி. நெத்திலி, நெத்தலி இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே கேட்கலாம். இந்த வேறுபாடுகளைத் தட்டையாக்கிவிட்டால் பட்டியலில் ஒன்றுமே மிஞ்சாது, அதனால் ‘டேட்டாவைச் சுத்தம் பண்றேன் டீச்சர்’ என்று மாணவர் சொல்லும்போதெல்லாம் ஆசிரியைக்கு ஒரு பயம் இருந்தது. அது தேவையான பயம்தான்.

சொற்கள் இரண்டு வழிகளில் வந்தன. ஒன்று, ஆசிரியை பல வருடங்களுக்கு முன் பழைய தமிழ் ஃபான்ட் ஒன்றில் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகள்; யாரோ அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று, ஊர்களுக்குப் போனவர்கள் போனிலேயே ஆன்லைன் விரிதாளில் ஏற்றியது. இரண்டையும் டேப் பிரித்த டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரு வரிக்கு ஒரு பதிவு: வரிசை எண், பெயர், ஊர், சொன்னவர், குறிப்பு. மொத்தம் சில ஆயிரம் வரிகள்.

விரிதாளிலேயே செய்யாமல், கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் கமாண்ட் லைனுக்கு ஏன் வந்தார்கள் என்று கேட்கலாம். ஊர்களிலிருந்து புதிய பதிவுகள் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொரு முறையும் அதே சுத்தம், அதே எண்ணிக்கை, அதே வரிசைப்படுத்தலைக் கையால் செய்ய முடியாது. கட்டளைகளை வரிசையாக ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம், என்ன செய்தோம் என்பதும் எழுத்தில் இருக்கும். சரியான முடிவு அது. பின்னால் நடந்த எதுவும் அந்த முடிவைத் தவறாக்கவில்லை.

## முதலில் தெரிந்தது: ஒரே பெயர், இரண்டு வரி

மாணவர் முதலில் ஓட்டியது எல்லோரும் எழுதும் அந்த வழக்கமான பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பும் தொடர். ‘கட்’ வைத்துப் பெயர் உள்ள பத்தியை எடுத்து, வரிசைப்படுத்தும் ‘சார்ட்’டுக்கு அனுப்பி, ‘யுனிக்’ மூலம் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, எண்ணிக்கை அதிகமானது மேலே வரும்படி மறுபடி ஒரு ‘சார்ட்’. நடுவில் இருக்கும் யுனிக் அடுத்தடுத்த வரிகளைத்தான் ஒப்பிடும், அதனால் முதல் சார்ட் இல்லாமல் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பே கிடையாது.

வந்த பட்டியலில் கொடுவா இரண்டு இடத்தில் இருந்தது. கோலாவும் அப்படியே. சாளை மூன்று இடத்தில். திரையில் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆசிரியை, ‘தம்பி, கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டிருப்பாங்க, பாரு’ என்றார், அந்த ஊகத்திலும் பாதி உண்மை இருந்தது.

இந்த இடத்தில் மாணவர் செய்த ஒரு காரியத்தை நான் மெச்சுகிறேன். கண்ணால் பார்த்துத் திருத்த ஆரம்பிக்காமல், ‘ஓடி’ கமாண்டில் அந்த வரிகளைப் போட்டு ஒவ்வொரு பைட்டையும் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும், 0 முதல் 255 வரையிலான எண்) தசம எண்ணாக அச்சடித்துப் பார்த்தார். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், உயிர்க்குறியும் புள்ளியும் உட்பட, யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் மூன்று பைட். க என்பது 224, 174, 149. போனில் தட்டிய கொடுவாவில் அதற்கடுத்து ‘ொ’ குறி ஒரே எழுத்தாக, 224, 175, 138 என்று இருந்தது. பழைய ஃபான்டிலிருந்து மாறி வந்த கொடுவாவிலோ ‘ெ’ தனியாக (224, 175, 134), ‘ா’ தனியாக (224, 174, 190). பழைய ஃபான்டுகளில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் தட்டுவோம், மாற்றிக் கொடுத்த நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளியதோடு நின்றுவிட்டது, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் சமம்தான். ஆனால் சார்ட்டும் யுனிக்கும் அந்தச் சமத்தைத் தேடிப் பார்ப்பதில்லை.

சாளையில் வேறு சிக்கல். ஒன்றின் கடைசியில் 226, 128, 140 என்று மூன்று பைட். எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பதற்காக யூனிகோடில் இருக்கும், அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத குறி அது. இணையத்திலிருந்து ஒட்டும்போதும் சில கீபோர்டுகளிலிருந்தும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றின் பின்னால் உடையா இடைவெளி: 194, 160. அப்புறம் விரிதாளிலிருந்து வந்த எல்லா வரிகளின் முடிவிலும் விண்டோஸ் பாணியில் 13 என்ற கூடுதல் பைட்.

## எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

மூன்றையும் ஸ்கிரிப்டிலேயே சரிசெய்வது என்று தீர்மானித்தார்கள். பிரிந்து கிடக்கும் உயிர்க்குறிகளைச் சேர்க்க, ஐசியூ என்ற யூனிகோடு மென்பொருள் தொகுப்போடு வரும் ‘யூகான்வ்’. அதில் என்எஃப்சி என்ற இயல்பு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் ஒ, ஓ, ஔ மூன்றின் குறிகளும் ஒற்றை எழுத்தாகிவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறி ‘ெ’க்கும் ‘ா’வுக்கும் நடுவில் மாட்டியிருந்தால் அவை சேராது, ஆகவே முதலில் அந்தக் குறிகளை நீக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் யூகான்வ். இந்த வரிசையை மாணவர் தானே யோசித்துச் சரியாக வைத்திருந்தார். அந்தக் குறிக்கு நியாயமான பயன்பாடும் உண்டு, க் என்பதையும் ஷ என்பதையும் சேராமல் தனித்தனியாகக் காட்ட அதைப் போடுவார்கள். பட்டியலில் ஷ வரும் வரிகளை மட்டும், வரிகளைத் தேடி எடுக்கும் ‘கிரெப்’ கட்டளையால் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

நீக்குவதற்கு அவர் எடுத்த கருவி, கொடுத்த எழுத்துகளை மாற்றவோ நீக்கவோ செய்யும் ‘டிஆர்’. காரணம் புரிகிறது. வரி முடிவில் இருந்த 13-ஐ நீக்க ஏற்கெனவே டிஆரைத்தான் போட்டிருந்தார், பிரச்சினை இல்லாமல் ஓடியது. அதே வரியில் இன்னொரு எழுத்தைச் சேர்ப்பது இயல்பான அடுத்த படி. நண்பருடைய மேக் லேப்டாப்பில் உட்கார்ந்து எழுதினார், நூறு வரி எடுத்துச் சோதித்தார், எல்லாம் சரியாக வந்தது. மேக்கில் சரியாகவே வரும். அங்கே இருக்கும் டிஆர் பிஎஸ்டி என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்தது, யூடிஎஃப்-8 சூழலில் எழுத்தை முழு எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

ஸ்கிரிப்ட் முடிவை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பிறகு அதை முதன்மை ஃபைலின் பெயருக்கே மாற்றியது. அதாவது பழையது போய்விடும். சரிபார்ப்பாக, முன்னும் பின்னும் ‘டபிள்யூசி’யில் வரிகளை எண்ணிப் பார்ப்பது மட்டும் இருந்தது. இதோடு அந்த ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் ஏற்றி, யூகான்வுக்கு முந்தைய நீக்கும் படியை மட்டும் முழுப் பட்டியல் மீது ஓட்டினார்.

வரி எண்ணிக்கை அப்படியே இருந்தது.

## சேதம்

முதல் அறிகுறி அன்றைக்கே வந்தது. ஓர் ஊரின் பதிவுகளை மட்டும் பார்க்க கிரெப் போட்டபோது, சில வரிகளைக் காட்டிவிட்டு, இது பைனரி ஃபைல், பொருத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி நின்றது. டெக்ஸ்ட் ஃபைலைப் பார்த்து கிரெப் இப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: உள்ளே இருக்கும் பைட்டுகளில் சில, நடப்பு எழுத்து முறையில் எந்த எழுத்தாகவும் படிக்க முடியாதவை. மாணவர் இணையத்தில் தேடினார். எதுவானாலும் டெக்ஸ்டாக நினைத்துக்கொள் என்று கட்டாயப்படுத்தும் விருப்பம் கிரெப்பில் உண்டு, பல இடங்களில் அதைத்தான் தீர்வாகச் சொல்லியிருக்கிறார்கள். போட்டார், வரிகள் வந்தன. டெர்மினலில் தமிழ் எப்போதுமே உடைந்துதான் தெரியும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக, அதனால் திரையில் புதிதாக வந்த கேள்விக்குறிக் கட்டங்கள் தனியாக உறுத்தவில்லை. இந்த நிகழ்வில் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான். கருவி சரியாகச் சொன்னது, அதன் வாயை அடைக்கும் வழிதான் தேடியவருக்கு முதலில் கிடைத்தது.

மறுநாள் ஆசிரியை விரிதாளில் திறந்து பார்த்தார். சாளை, நெத்திலி, சுறா, திருக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தன. சீலா இல்லை. நெய்மீன் இல்லை. விளமீன் இல்லை. வௌவால் இல்லை. அந்த இடங்களிலெல்லாம் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. அவர் போனில் சொன்னது: ‘தம்பி, மீன்னு வர்ற எடம் பூரா போயிருச்சு. ஈயன்னா குறிதான் போகுது, நல்லாப் பாரு.’ கணினி தெரியாதவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர், ஒரு பார்வையில் வடிவத்தைப் பிடித்துவிட்டார்.

சர்வரில் இருந்தது லினக்ஸோடு வழக்கமாக வரும் குனூ தொகுப்பின் டிஆர், அதற்கு எழுத்து என்றால் ஒற்றை பைட். பல பைட் எழுத்துகளை அது முழுமையாக ஆதரிப்பதில்லை என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. நீக்கு என்று கொடுத்த கண்ணுக்குத் தெரியாத குறியை அது 226, 128, 140 என்ற மூன்று தனித்தனி பைட்டாக எடுத்துக்கொண்டு, ஃபைலில் இந்த மூன்றில் எது எங்கே வந்தாலும் எடுத்துவிட்டது. ‘ீ’ குறி 224, 175, 128. கடைசி 128 போய்விட்டது. ‘ௌ’ குறி 224, 175, 140. அதிலும் கடைசி போய்விட்டது. மிச்சம் இருக்கும் 224, 175 எந்த எழுத்தும் இல்லை. தமிழ் எழுத்துகளில் 128-லோ 140-லோ முடிபவை இவை இரண்டு மட்டும்தான், மற்ற எல்லாம் தப்பித்தன. குறிப்புப் பத்தியில் போன்காரர்கள் போட்டிருந்த வளைந்த மேற்கோள் குறிகளும் சேர்ந்து சிதைந்தன, அவை 226, 128 என்றுதான் தொடங்கும்.

அதே கருவி 13-ஐ நீக்கியபோது ஏன் ஒன்றும் ஆகவில்லை? யூடிஎஃப்-8-இல் 128-க்குக் கீழே உள்ள பைட் எதுவும் பல பைட் எழுத்தின் பகுதியாக வரவே வராது. அதனால் ஆங்கில எழுத்து, எண், டேப், வரி முடிவு ஆகியவற்றில் டிஆரை எவ்வளவு வேண்டுமானாலும் நம்பலாம். இன்னொன்றையும் சோதனை ஃபைலில் போட்டுப் பார்த்தோம். எழுத்துகளைச் சேர்க்கும் குறி என்று பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது: 226, 128, 141. அதை இப்படி நீக்கியிருந்தால் ‘ீ’யோடு சேர்ந்து தமிழில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் உடைந்திருக்கும், ஏனென்றால் புள்ளி 224, 175, 141.

வரலாற்றில் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பைப் என்ற வசதி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் 1973-இல் வந்தது, டிஆரும் அந்தக் காலத்துக் கருவி. ஒரு பைட் ஒரு எழுத்து என்பதே அப்போதைய உலகம். கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்தது 1992-இல். பழைய கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வேறு வேறு வேகத்தில், புதிய எழுத்து முறைக்கு மாறின. இன்றும் ஒரே பைப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கருவிகள் ‘எழுத்து’ என்பதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளும். இதே வேலையில் சந்தேகமான சின்னச் சொற்களைப் பிடிக்க, பத்திகளைக் கையாளும் ‘ஆக்’ கருவியில் நீளம் பார்த்தார்கள். சீலா என்பது நமக்கு இரண்டெழுத்து, குறிகளையும் தனியாக எண்ணும் குனூ ஆக்குக்கு நான்கு, டெபியன் என்ற லினக்ஸ் வகையோடு இயல்பாக வரும், பைட்டுகளை எண்ணும் மாக் என்ற ஆக்குக்குப் பன்னிரண்டு.

## மீட்பு

சேதமான ஃபைலின் பழைய பிரதி ஆசிரியையின் மின்னஞ்சலில் இருந்தது. ஆனால் அது சில வாரங்களுக்கு முந்தையது. அந்த வாரங்களில் அவர் மீனவர்களோடு பேசிப் பேசிச் சொன்ன திருத்தங்களை மாணவர் நேராக சர்வர் ஃபைலில்தான் ஏற்றியிருந்தார். இழந்தால் மறுபடி கேட்டு வாங்க முடியாத சில தகவல்களும் அதில் இருந்தன, சொன்னவர்களில் வயதானவர்கள் அதிகம்.

மாணவரின் முதல் யோசனை, 224, 175 என்று அநாதையாக நிற்கும் இடமெல்லாம் 128-ஐ ஒட்டிவிடலாம் என்பது. பெரும்பாலான இடங்களில் சரியாகத்தான் வரும், ‘ௌ’ தமிழில் அரிது. ஆனால் அந்த அரிதான இடத்தில் சத்தமில்லாமல் தவறான எழுத்து உட்காரும், அதுவும் ஒழுங்கான எழுத்தாக, எந்தச் சோதனையிலும் பிடிபடாமல். கறுப்புக் கட்டமாவது தெரியும். ஆகவே அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

செய்தது வேறு. மின்னஞ்சலில் இருந்த பழைய பிரதியை எடுத்து, அதையும் அந்தப் பிழையான ஸ்கிரிப்டின் வழியாகவே ஓட்டினோம். வேண்டுமென்றே அதையும் அதே விதமாகச் சேதப்படுத்தினோம். இப்போது இரண்டு சேதமான ஃபைல்கள், இரண்டிலும் உடைசல் ஒரே மாதிரி. ஆகவே இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அதெல்லாம் அந்த வாரங்களில் செய்த திருத்தங்கள் மட்டும்தான். இரண்டையும் பைட் வரிசையில் சார்ட் செய்து, இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் ‘காம்’ கமாண்டில் போட்டதும் திருத்தப்பட்ட வரிகள் தனியாக விழுந்தன. இதற்கெல்லாம், எந்த மொழியின் வரிசையில் அடுக்குவது என்று தீர்மானிக்கும் எல்சி ஆல் என்ற சூழல் மாறியை ‘சி’ என்று வைத்திருந்தோம். உடைந்த பைட்டுகள் இருக்கும் ஃபைலை மொழிசார்ந்த வரிசையில் அடுக்கச் சொன்னால் என்ன வரும் என்று உறுதியில்லை, சி என்றால் வெறும் பைட் ஒப்பீடு, குழப்பம் இல்லை.

திருத்தப்படாத வரிகளை, பழைய பிரதியைச் சரிசெய்த ஸ்கிரிப்டில் ஓட்டி அப்படியே எடுத்துக்கொண்டோம். எந்த வரிகள் என்று தீர்மானிக்க வரிசை எண்ணை வைத்து இரண்டு ஃபைல்களை இணைக்கும் ‘ஜாயின்’ போட்டோம், வரிசை எண் ஆங்கில எண்களில் இருந்ததால் அது சேதமாகவில்லை. ஜாயின் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: அது எண்ணாகப் பார்க்காது, சரமாகத்தான் பார்க்கும், 10 என்பது 2-க்கு முன்னால் வர வேண்டும். எண் வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் வரிசை சரியில்லை என்று புகார் சொல்லும்.

மிஞ்சிய திருத்த வரிகளில் உடைந்த எழுத்து இருந்தவற்றை மட்டும் ஆசிரியை ஒவ்வொன்றாக வாசித்தார். சொன்னவர்களின் குரல் பதிவு அவர் போனில் இருந்தது, சந்தேகம் வந்த இடத்தில் அதைப் போட்டுக் கேட்டார். ஒரு மாலை முழுக்க அது. மாணவர் தட்டச்சு செய்தார், நடுவில் யாரும் அதிகம் பேசவில்லை.

சரிசெய்த ஸ்கிரிப்டில் டிஆருக்குப் பதிலாக, தேடி மாற்றும் ‘செட்’. கண்ணுக்குத் தெரியாத குறியை வெற்றாக மாற்று என்று செட்டுக்குச் சொன்னால், மூன்று பைட்டும் அதே வரிசையில் சேர்ந்து வந்தால் மட்டும்தான் எடுக்கும். உடையா இடைவெளியையும் அதே போல. 13-க்கு டிஆர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

## வௌவாலும் கெளுத்தியும்

எல்லாம் முடிந்து மறுபடி எண்ணிப் பார்த்தபோதும் வௌவால் இரண்டு இடத்தில் வந்தது. வவ்வால் என்று தனியாக இருந்ததைச் சொல்லவில்லை, அது வேறு உச்சரிப்பு, இருக்க வேண்டியது. இது, ‘ௌ’ குறி போடாமல் ‘ெ’ போட்டுப் பக்கத்தில் ள என்ற எழுத்தையே தட்டியது. திரையில் அச்சு அசலாக ஒன்று. யூகான்வ் இதைத் தொடாது, தொடவும் கூடாது, யூனிகோடுக்கு இது முறையான வேறு சொல்.

‘ெ’யும் ள-வும் அடுத்தடுத்து வந்தால் ‘ௌ’ ஆக்கிவிடு என்று செட்டில் ஒரு வரி எழுத மாணவர் தயாராக இருந்தார். ஆசிரியை ஒரே வார்த்தையில் நிறுத்தினார்: ‘கெளுத்தி.’ அந்த விதியை ஓட்டியிருந்தால் கெளுத்தி எல்லாம் படிக்கவே முடியாத ஏதோ ஒன்றாக ஆகியிருக்கும். வெளி, வெள்ளை என்று தொடங்கும் பெயர்களும் அதே கதிதான். ஆகவே விதி இல்லை. அந்தச் சேர்க்கை வரும் வரிகளை கிரெப் எடுத்து வேறு ஃபைலில் போடும், அதை மனிதர் பார்ப்பார். இந்த ஒரு முடிவுக்குக் கணினி அறிவு உதவவில்லை, சொற்களை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததுதான் உதவியது.

## அச்சுக்கான வரிசை

இது சுருக்கம். எண்ணவும் ஒப்பிடவும் பைட் வரிசை போதும், அச்சுக்குப் போதாது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று இருப்பதால் காரை, காறல், காலா என்று அடுக்கும். நமக்கு ற-வும் ன-வும் கடைசியில்தானே வரும், காரை, காலா, காறல் என்று இருக்க வேண்டும். சர்வரில் தமிழ் லொகேல், அதாவது தமிழ் வரிசையை அறிந்த மொழி அமைப்பு, நிறுவியிருக்கவில்லை. மாணவர் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சாவிப் பத்தியைச் சேர்த்தார். செட்டில் எழுத்துக்கு எழுத்து மாற்றும் ஒய் என்ற கட்டளை இருக்கிறது, குனூ செட்டில் அது பல பைட் எழுத்தையும் முழுசாகப் பார்க்கும், அதை வைத்து நம் மெய்வரிசையை ஆங்கில எழுத்து வரிசைக்கு மாற்றினார். குறி இல்லாத மெய்களுக்குப் பின்னால் அகரத்துக்கென்று ஓர் அடையாளம், அதற்கும் முன்னால் வரும்படி புள்ளிக்கு ஒன்று. சாவியை வைத்து சார்ட், பிறகு கட் போட்டுச் சாவியை நீக்குவது. அழகாக வேலை செய்தது.

## என்ன ஆனது

திருத்தங்களில் எதுவும் நிரந்தரமாகப் போகவில்லை. குறிப்புப் பத்தியின் சில மேற்கோள் குறிகளை மட்டும் மீட்காமல் விட்டோம், அவை இல்லாமலே பொருள் தெளிவாக இருந்தது. பட்டியல் அச்சுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. ஒரே மாதிரி தெரிந்த இரட்டைகள் சேர்ந்துவிட்டன, நெத்திலியும் நெத்தலியும் தனித்தனியாகவே நிற்கின்றன. மாணவர் அந்த ஸ்கிரிப்டை இப்போது வேறொரு ஊரின் சொல் சேகரிப்புக்கும் பயன்படுத்துகிறார்.

## மாற்றியவை

ஸ்கிரிப்ட் எதையும் மேலெழுதுவதில்லை. மூல ஃபைல்கள் படிக்க மட்டும் அனுமதியோடு தனி அடைவில் இருக்கின்றன, ஒவ்வொரு ஓட்டமும் தேதி போட்ட புது ஃபைலை எழுதுகிறது. திருத்தங்களும் முதன்மை ஃபைலுக்குள் நேராகப் போவதில்லை, வரிசை எண்ணும் புதிய மதிப்பும் கொண்ட தனி ஃபைலில் சேர்ந்து கடைசியில் ஜாயின் ஆகின்றன. எல்லாம், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் இருக்கிறது. முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் மீட்பு என்ற பகுதியே தேவைப்பட்டிருக்காது.

ஒவ்வொரு படிக்குப் பிறகும், எழுத்து முறையை மாற்றும் ‘ஐகான்வ்’ மூலம் யூடிஎஃப்-8-லிருந்து யூடிஎஃப்-8-க்கே ஒரு மாற்றம் ஓடுகிறது. பார்த்தால் அர்த்தமில்லாத வேலை மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பைட் தப்பாக இருந்தாலும் அது எந்த இடம் என்று சொல்லி நின்றுவிடும், ஸ்கிரிப்டும் அங்கேயே நிற்கும். எந்த வரிகள் என்று பார்க்க வேண்டுமானால் கிரெப்பில் டெக்ஸ்டாக நினைக்கும் விருப்பத்தோடு, முழு வரியும் எழுத்துகளால் ஆனதாக *இல்லாத* வரிகளைக் காட்டு என்று கேட்கலாம், உடைந்த வரிகள் மட்டும் வரும். கிரெப்பின் வாயை அடைக்கப் பயன்பட்ட அதே விருப்பம் இங்கே நோயைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

வரி எண்ணிக்கையை நம்புவதை நிறுத்தியாயிற்று. அதற்குப் பதில் எழுத்துக் கணக்கு: ஃபைலில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் கிரெப் தனி வரியாகப் பிரித்துத் தர, சார்ட், யுனிக் போட்டு எது எத்தனை முறை என்று எண்ணி, சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் உள்ள கணக்கை ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிடுவது. கண்ணுக்குத் தெரியாத குறியை நீக்கும் படியில் அந்த ஒரு வரி மட்டும்தான் மறைய வேண்டும். சேதமான ஓட்டத்தை இந்தச் சோதனையில் போட்டுப் பார்த்தோம், ‘ீ’ என்ற வரியே காணாமல் போனது முதல் பார்வையிலேயே தெரிந்தது.

சோதனைக்கு எடுக்கும் நூறு வரிகளும் மாறிவிட்டன. முன்பு ஃபைலின் முதல் நூறு வரி. இப்போது ஆசிரியை கையால் தேர்ந்தெடுத்த ஒரு சிறு ஃபைல் இருக்கிறது, தமிழின் எல்லா உயிர்க்குறிகளும் கிரந்த எழுத்துகளும் இரண்டு விதமாக எழுதிய ஒ, ஓ, ஔ குறிகளும் அதில் உண்டு. முதல் வரி சீலா, இரண்டாவது வௌவால், மூன்றாவது கெளுத்தி. ஸ்கிரிப்ட் எந்த இயந்திரத்தில் ஓடப் போகிறதோ அந்த இயந்திரத்திலேயே, முழுப் பட்டியலைத் தொடுவதற்கு முன், இந்த ஃபைல் ஓட வேண்டும்.